நீதிக்கு நிதி

பணம் வேண்டாம் என்றான் ஒரு வாலிபன்! பத்துப் பணமா, நூறு பணமா? சற்றேறக்குறைய பத்து லட்சம் டாலர்! தந்தை வைத்துவிட்டுப் போன சொத்து. கையெழுத்திட்டால் கைக்கு வரும். இடமாட்டேன் என்றான். நான் உழைத்துச் சேர்க்காத பொருள் எனக்கு எப்படி உரியதாகும் என்பது அவன் வாதம். ஆண்டு 1920, நாடு அமெரிக்கா, டாலரே தெய்வம் எனப் போற்றப்படும் நாடு! அங்கேதான் இந்த விந்தை நடைபெற்றது. அந்த வாலிபன் பெயர் சார்லஸ் கார்லண்ட்.

வேண்டாம் என்று ஒதுக்குவதைவிட, வாங்கி வழங்குவது மேலல்லவா என எடுத்துக் காட்டினார்கள் சிலர். எழுத்தாளர் அப்டன் சிங்கிளேர் அவர்களில் ஒருவர். குடியுரிமைக் கழகத்தை நடத்திவந்த ரோஜர் பால்டுவின் அதற்கான ஏற்பாட்டை வகுத்தார். 1922இல் 'அமெரிக்கப் பொதுப்பணி நிதி' என ஓர் அறநிலை தோன்றியது. மக்கள் அதைக் கார்லண்ட் நிதி என்றே அழைத்தனர். யார் யார் அதன் நிர்வாகிகள்? சமதர்மவாதிகள், தொழிற்சங்கத் தலைவர்கள், பொதுவுடைமையாளர்கள்! முதலாளி சேர்த்த பணத்தை முதலாளித்துவத்தின் பகைவர்களிடமே ஒப்படைத்தான் மகன்.

கொடைவள்ளல் புராணம் பாடுவது இங்கே என் நோக்கமன்று. அந்த வேலைக்குப் புலவர்கள் நிறைய உண்டு. கொடுத்தவன் கதையை உலகம் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. கேட்டவன் எழுதிய மனுவையோ, எவரும் ஓர் ஏடாக எடுத்து வைத்துப் படிப்பதில்லை. (மனு என்றதும் முகம் சுளிக்காதீர், தோழர்களே! இது பிறப்பால் மனிதனைப் பிரித்த மனு அன்று. பிரிக்கப்பட்ட மனிதன் எழுதிய விண்ணப்பம்.) அப்படிப்பட்ட ஒரு மனுவைத்தான், ஓர் இலக்கியத்தை ஆராய்வதுபோல் ஆராய விரும்புகிறேன். நீதிக்காக நிதி கேட்பவன் எப்படிக் கேட்கிறான்? கேட்கும்போது எதை எழுதுகிறான், எதை விட்டுவிடுகிறான்? கொடுப்பவனுடைய கண், கேட்பவனுடைய எழுதுகோலை எந்த அளவுக்கு இழுத்துச் செல்கிறது? இன்று சட்ட உதவிக்கென்றும் உரிமை வழக்குக்கென்றும் எங்கெங்கோ இளைஞர்கள் விண்ணப்பத்தாள்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பழைய மனு பயன்படும்.

கேட்டவர் யார் என்பதை முதலில் காண்போம்.

1909இல் நியூயார்க் நகரில் தோன்றியது நிறமக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கம். அடிமைத்தளை அறுந்து அரை நூற்றாண்டு ஆகவில்லை. சட்டம் விடுதலை தந்தது, சமுதாயம் தரவில்லை. விசாரணையின்றி, சாட்சியின்றி, கும்பல் கூடிக் கறுப்பனைப் பிடித்து மரக்கிளையில் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கும் கொடுமை தென்மாநிலங்களில் திருவிழாப்போல் நடந்தது. லிஞ்சிங் என்பது அந்நாட்டார் அதற்கு இட்ட பெயர். அந்தக் கொலைக் கும்பலை ஒடுக்க மத்திய அரசின் சட்டம் வேண்டும் என்பதே தொடக்கத்தில் சங்கத்தின் பெருமுழக்கம். மிசௌரி உறுப்பினர் டையர் கொண்டுவந்த மசோதா 1922 ஜனவரியில் கீழ்ச்சபையில் 231க்கு 119 என்ற வாக்குகளில் நிறைவேறியது. மேல்சபையிலோ, பேசிப் பேசியே காலத்தைக் கொல்லும் தென்னாட்டு உறுப்பினர்கள் அவ்வாண்டு இறுதிக்குள் அதைப் புதைத்துவிட்டனர்.

வழக்குமன்றத்தில் சங்கம் வெற்றியே காணாமலும் இல்லை. ஆர்கன்சா மாநிலத்தில் 1919இல் நிகழ்ந்த கலவரத்தை ஒட்டிக் கறுப்பின உழவர் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே கும்பல் கொக்கரிக்க, உள்ளே அவசரம் அவசரமாக நடந்த விசாரணை அது! கும்பலின் அச்சுறுத்தலுக்கு ஆட்பட்ட விசாரணை முறையான விசாரணை ஆகாது என 1923இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 12 பேரும் உயிர் தப்பினர்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? உறுப்பினர் கட்டணத்திலிருந்து. ஆண்டுக்கு ஒரு டாலர்! சமையற்காரி கொடுத்த டாலர், சலவைத் தொழிலாளி கொடுத்த டாலர், ரயில் பெட்டியில் படுக்கை விரிக்கும் பணியாள் கொடுத்த டாலர். ஆனால் வழக்கு என்பது பசி அடங்காத பூதம். கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு, உச்சக்கோர்ட்டு. ஒவ்வொரு படிக்கும் காணிக்கை! கோயில் உண்டியலாவது போட்டால்தான் போட்டது. கோர்ட்டுக் கட்டணம் போட்டே தீரவேண்டியது. எனவே சங்கம் கார்லண்ட் நிதியின் கதவைத் தட்டியது.

1925இல் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலை இங்கே சொல்லவேண்டும். அதில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. டெட்ராய்ட் நகரில் ஆசியன் சுவீட் என்னும் கறுப்பின மருத்துவர், வெள்ளையர் வாழும் தெருவில் ஒரு வீடு வாங்கினார். செப்டம்பரில் குடிபுகுந்தார். கும்பல் வீட்டைச் சூழ்ந்து கல்லெறிந்தது. வீட்டிலிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே ஒருவர் இறந்தார். மருத்துவர், அவர் மனைவி, உடனிருந்தோர் ஆக 11 பேர்மீது கொலை வழக்கு! வாதாட வந்தவர் யார் தெரியுமா? கிளாரன்ஸ் டாரோ! அதே ஆண்டு ஜூலையில் டென்னசி மாநிலத்தில், பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பித்த ஆசிரியருக்காக வேதப் புத்தகப் பண்டிதர்களை எதிர்த்து வாதாடிய பகுத்தறிவாளர் டாரோ! பெருந்தொகை வாங்கக்கூடிய அவர் 5,000 டாலருக்கு ஒப்புக்கொண்டார். ஜூரர்கள் அத்தனை பேரும் வெள்ளையர். முதல் விசாரணை முடிவு காணாமல் போயிற்று. இரண்டாவது விசாரணையில், 1926 மே மாதம், மருத்துவரின் தம்பி குற்றவாளி அல்ல எனத் தீர்ப்பாயிற்று.

இந்த வழக்கை ஒட்டி எழுந்த பாதுகாப்பு நிதிக்குக் கார்லண்ட் நிதி உதவ முன்வந்தது. எப்படி? முதலில் ஒரு தொகை. பிறகு, நீங்கள் இரண்டு டாலர் திரட்டினால் நாங்கள் ஒரு டாலர் தருவோம், நீங்கள் 30,000 திரட்டிக் காட்டினால் எங்கள் பங்கு 15,000 என்று நிபந்தனை! சங்கம் ஊர் ஊராகச் சென்றது. மாதா கோயில் மண்டபங்களிலும் சத்திரங்களிலும் கூட்டம் கூட்டியது. கேட்டதற்கு மேலாகவே திரட்டியது. கொடுப்பவன் விதிக்கும் நிபந்தனை எல்லாமே தளை அன்று என்பதற்கு இது சான்று. மக்களிடம் போ என்று விரட்டுகிற நிபந்தனை இயக்கத்தை வளர்க்கும். மக்களை மறந்து என்னிடம் மட்டும் பேசு என்கிற நிபந்தனை இருக்கிறதே, அது வேறு வகை.

இனி மனுவுக்கு வருவோம்.

1929இல் சங்கம் பெரிய திட்டம் ஒன்றை எண்ணியது. ஒவ்வொரு தீ எரியும்போதும் குடம் தூக்கி ஓடும் வேலையை விட்டு, தீ மூட்டுவோனை நேரே எதிர்க்கும் முறையான சட்டப் போர். அதற்குக் கார்லண்ட் நிதியிடம் கேட்ட தொகை ஒரு லட்சம் டாலருக்கு மேல். கோரிக்கையை ஆய்ந்து பரிந்துரைக்க நிதி ஒரு குழுவை அமைத்திருந்தது. அக்குழுவில் யார்? பத்திரிகையாளர் கானெட், வழக்கறிஞர் மாரிஸ் எர்ன்ஸ்ட், இவர்களோடு ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன். கவிஞர், கறுப்பினத் தலைவர். கார்லண்ட் நிதியின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். அதே காலத்தில் மனுப்போட்ட சங்கத்தின் செயலாளர்! கேட்கும் கையும் அவருடையது, கொடுக்கும் மேசையில் ஒரு நாற்காலியும் அவருடையது. ஒழுங்குமுறை பேசுவோர் இதைக் கேட்டு இன்று புருவத்தை உயர்த்துவார்கள். உயர்த்தட்டும். மற்றவர்களுடைய நாற்காலிகளில் யார் யாருடைய உறவினர் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் ஒருமுறை கணக்கெடுத்துவிட்டு வந்து உயர்த்தட்டும்!

அந்த அறிக்கையை ஓர் எழுத்தாகப் படித்தால் வியப்பு மேலிடுகிறது. கண்ணீர் இல்லை, கையேந்தல் இல்லை. தென்கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூயிசியானா, புளோரிடா, ஆர்கன்சா என ஏழு மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. வெள்ளைப் பிள்ளைக்கும் கறுப்புப் பிள்ளைக்கும் அம்மாநிலங்கள் செலவிடும் பணத்தில் உள்ள மலைக்கும் மடுவுக்குமான வேறுபாட்டை எதிர்த்து, வரி கட்டுவோர் என்ற உரிமையில் வழக்குத் தொடுப்பது என்கிறது. 'தனித்தனி, ஆனால் சமம்' என்று 1896இல் உச்ச நீதிமன்றம் ஒரு பித்தலாட்டச் சூத்திரத்தை வழங்கியிருந்ததல்லவா? சரி, சமம்தானே? அந்தச் சமத்தை எண்ணி வை, காசாக எண்ணி வை என்று கேட்பது! இரண்டு பள்ளிகளைச் சமமாக நடத்தும் செலவைத் தாங்க முடியாமல் மாநிலங்கள் திணறும்; பிரித்து வைக்கும் முறை தன் சுமையாலேயே சாயும் என்று கணக்கிட்டனர். எதிரியின் சொல்லைக்கொண்டே எதிரியின் கழுத்தைச் சுற்றும் வித்தை. நிதி கேட்டு எழுதப்படும் ஏட்டில் இத்தனை தெளிவு இருப்பது அரிது. நல்லெண்ணம் வளர்ப்போம், விழிப்புணர்ச்சி ஊட்டுவோம் என்று குழப்பச் சாந்து பூசவில்லை. யாரை எதிர்க்கிறோம், எந்த மன்றத்தில் எதிர்க்கிறோம், தோற்றாலும் என்ன பயன் என்று சொல்கிறது.

குறையும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது திறனாய்வு ஆகாது. இவ்வழக்குகள் மற்றக் கறுப்பின மக்களுக்குத் துணிவூட்டும் முன்மாதிரிகளாக விளங்கும் என அறிக்கை கூறுகிறது. துணிவை நியூயார்க்கிலிருந்து அனுப்பவேண்டும் என்று யார் சொன்னது? உழவன் நெஞ்சில் துணிவு இல்லை என்று எவர் அளந்து பார்த்தார்? நிதி கேட்கும் மனுக்களுக்கெல்லாம் பொதுவாக உள்ள நோய் இது. யாருக்காகப் பணம் கேட்கிறோமோ, அவர்களை இன்னும் சற்று ஏழையாக, இன்னும் சற்றுக் கோழையாக எழுதினால்தான் கொடுப்பவன் மனம் இளகும் என்று எழுதுகோல் தானாகவே எண்ணிக்கொள்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைப் பிறகு தென்கரோலினாவின் ஒரு சிற்றூர் காட்டிற்று, அதற்கு வருகிறேன்.

பணம் கொடுக்கும் குழுவிலே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் யாரோ வெள்ளை வெறியர் அல்லர், பால்டுவின்! சட்டத்தால் இந்த நோய் தீராது, ஆதிக்கம் செலுத்துவோர் சட்டம் எதுவாயினும் தங்கள் வழியைக் கண்டுபிடித்துக்கொள்வர், வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் ஒன்றுசேர்வதே வழி என்றார் அவர். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. தீர்ப்பு எழுதப்பட்ட தாள் வேறு, தெருவில் நடப்பது வேறு என்பதைப் பின்னாளில் அந்நாடே கண்டது. ஆயினும் பால்டுவின் ஒன்றை மறந்தார். வெள்ளைத் தொழிலாளியின் சங்கங்கள் பலவற்றில் கறுப்பனுக்கு இடமே இல்லை! வாசலிலேயே நிறுத்தப்பட்டவனிடம், உள்ளே போய் ஒற்றுமை காண் என்று சொல்வது எங்ஙனம்?

1930இல் ஒரு லட்சம் டாலர் வழங்கத் தீர்மானமாயிற்று. மகிழ்ச்சி! ஆனால் நாட்காட்டியைப் பார்த்தீர்களா? 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்துவிட்டது. கார்லண்ட் தந்த செல்வமோ பெரும்பாலும் பங்குகளாக இருந்தது. முதலாளித்துவத்தை மாற்றி அமைக்க வந்த நிதி, முதலாளித்துவத்தின் சூதாட்ட மேசைமீது நின்றுகொண்டிருந்தது. மேசை சாய்ந்தது, நிதியும் சாய்ந்தது. வாக்களித்த ஒரு லட்சத்தில் இறுதியில் வந்து சேர்ந்தது 20,000 டாலரை ஒட்டிய தொகையே. ஐந்தில் ஒரு பங்கு!

வந்த கொஞ்சத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் அருமை. நாதன் மார்கோல்ட் என்னும் இளம் வழக்கறிஞரை அமர்த்தி ஆராயச் சொன்னார்கள். 1931இல் அவர் 218 பக்கங்களில் ஓர் அறிக்கை கொடுத்தார். மனுவில் எழுதிய திட்டத்தையே அவர் ஏற்கவில்லை! மாவட்டந்தோறும், ஆண்டுதோறும் வழக்குப் போட்டுக்கொண்டே இருக்க முடியுமா எனக் கேட்டார். சமமின்மையோடு கைகோத்து நிற்கும் பிரிவினை முறையையே தாக்கவேண்டும் என்றார். பிறகு சார்லஸ் ஹூஸ்டன் வந்தார். ஹோவார்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை நடத்தி, கறுப்பின வழக்கறிஞர் தலைமுறை ஒன்றையே உருவாக்கிய மேதை. அவர் மார்கோல்டின் திட்டத்தையும் அப்படியே ஏற்கவில்லை. முதலில் தொழிற்கல்வி, மேற்பட்டப் படிப்பு ஆகியவற்றில் தொடங்குவோம், அங்கே மாநிலங்களுக்குச் சாக்குச் சொல்லக்கூட இடமில்லை என்றார். கறுப்பனுக்குத் தனிச் சட்டக் கல்லூரி எங்கே? இல்லையே! இல்லையென்றால் இருக்கும் கல்லூரியில் சேர்! ஹூஸ்டன் திரைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு தென்கரோலினாவுக்குச் சென்று, ஒழுகும் கூரைகளையும் உடைந்த பலகைகளையும் படம் பிடித்து வந்தார். அதைப் பார்க்கும் எந்த நன்கொடையாளனுக்கும் வேறு மனு தேவையில்லை.

ஹூஸ்டனின் மாணவர் தர்குட் மார்ஷல். மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவு கறுப்பருக்கு அடைபட்டிருந்த காலத்தில் வளர்ந்தவர். குருவும் சீடரும் சேர்ந்து 1935இல் அதே கல்லூரியின்மீது மரே என்னும் மாணவருக்காக வழக்காடி வென்றனர்; 1936 ஜனவரியில் மேரிலாந்தின் உயர்மன்றம் அதை உறுதி செய்தது. 1938இல் மிசௌரி வழக்கு, 1950இல் டெக்சாஸ், ஓக்லஹோமா வழக்குகள். 1954 மே 17, பிரவுன் வழக்கு! பள்ளியில் பிரித்து வைப்பதே சமமின்மை என ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர். ஹூஸ்டன் அதைக் காணவில்லை, 1950இல் மறைந்துவிட்டார்.

அப்படியானால் கார்லண்டின் கொடையே இந்த வெற்றியைத் தந்தது எனலாமா? சிலர் அப்படியே எழுதுகின்றனர். மறுபக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழுந்துள்ளது. அரசியல் அறிஞர் மேகன் மிங் ஃபிரான்சிஸ் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் கூர்மையான ஒரு குற்றச்சாட்டை வைத்தார். சங்கத்தின் உயிர்மூச்சு கும்பல் கொலைக்கு எதிரான போர். பணம் கொடுத்தவர்களின் ஆர்வமோ வேறு. பணத்தை நாடியதால் சங்கத்தின் பார்வை மெல்ல மெல்லக் கல்வியின் பக்கம் திருப்பப்பட்டது. இயக்கத்தைக் கொடையாளி கைப்பற்றிக்கொள்ளும் முறை இது என்கிறார் அவர்.

இதைப் படித்தபோது நெஞ்சில் முள் தைத்தது. ஏனெனில் ஒரு பாதி உண்மை. கொலைக் கும்பலுக்கு எதிரான மத்தியச் சட்டம் அமெரிக்காவில் எப்போது வந்தது தெரியுமா? 2022 மார்ச் 29! டையர் மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறி நூறாண்டு கழித்து! 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட எமெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவனின் பெயரை அச்சட்டத்துக்குச் சூட்டினார்கள். பள்ளிக்கூடத்தின் கதவைத் திறக்கும் வழக்குக்குக் கொடையாளி கிடைத்தான். மரக்கிளையிலிருந்து பிணத்தை இறக்கும் வேலைக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. பள்ளி பற்றிய படம் வரவேற்பறையில் காட்டத் தகுந்தது. மற்றது தகாது போலும்!

ஆனால் மறு பாதியை நான் ஏற்கமாட்டேன். வால்டர் வைட் செயலாளராக இருந்த 1930களில் சங்கம் காஸ்டிகன்-வாக்னர் மசோதாவுக்காக வாஷிங்டனில் ஓயாமல் போராடியது. கொலைக்கு எதிரான முழக்கத்தை அது கைவிட்டுவிடவில்லை. அடுத்து, பணம் கொடுத்தவன் எழுதச் சொன்னதைக் கேட்டவன் எழுதினான் என்றால், மார்கோல்ட் மனுவை மாற்றியதும் ஹூஸ்டன் மார்கோல்டை மாற்றியதும் எப்படி நடந்தன? எல்லாவற்றிற்கும் மேலாக, கல்வி என்பது நியூயார்க் சீமான்களின் விருப்பம் என்று சொல்வது, அந்தச் சிற்றூர் மக்களை மறுபடியும் வாயற்றவர்களாக ஆக்குவதாகும்.

எந்தச் சிற்றூர் மக்கள்? தென்கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தார்! 1949-50இல் அங்கே ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு ஆண்டுச் செலவு 179 டாலர். கறுப்புப் பிள்ளைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகள் ஏறிச்செல்லப் பள்ளிப் பேருந்துகள் 30. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பெற்றோர் முதலில் கேட்டது சமத்துவச் சாசனமா? ஒரு பேருந்து! அதுவும் மறுக்கப்பட்டது. டிலெய்ன் என்னும் போதகரும் ஆசிரியருமான ஒருவர் முன்னின்றார். (போதகரின் வேதத்தில் நமக்கு நாட்டமில்லை, அவர் முதுகெலும்பில் உண்டு.) 1949 நவம்பரில் பெற்றோர் கூடி ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள்.

இதுவும் மனுதான், தோழர்களே! இந்த மனுவுக்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். முதற் கையெழுத்துக்காரர்களில் ஒருவரான ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர், வேலை போயிற்று. அவர் மனைவி, விடுதியில் பணிப்பெண். அவர் வேலையும் போயிற்று. மற்றவர்களுக்குக் கடன் மறுக்கப்பட்டது. டிலெய்னின் வீடு 1951இல் எரிந்தது. ஆனாலும் 'பிரிக்ஸ்' வழக்கு நின்றது. பிரவுன் வழக்கில் ஒன்றாக இணைத்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்றாகி உச்ச நீதிமன்றம் சென்றது. துணிவை அவர்களுக்கு யார் ஊட்டினார்?

1930இன் மனு எதிர்பார்த்த பணம் வரவில்லை, வழக்குகளோ நடந்தன. 1940இல் 50,000 அளவில் இருந்த உறுப்பினர் தொகை 1946க்குள் நான்கு லட்சத்தைத் தாண்டியது. அந்த டாலர்கள்தான் சோறு போட்டன. கார்லண்ட் நிதியின் கதையோ 1941இல் முடிந்துவிட்டது. அதன் 20,000 டாலர் செய்த உதவி சிறிதல்ல: திட்டம் தீட்டும் ஓய்வை வாங்கித் தந்தது, ஒரு மார்கோல்டையும் ஒரு ஹூஸ்டனையும் முழுநேரம் சிந்திக்க வைத்தது. பெருங்கொடைக்கு உரிய இடம் அது. பெரும்பாலும் அதைத் தாண்டி ஆட்சிக்கு வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அப்படித் தொல்லை தொடங்கிய இடத்தையும் பார்த்துவிடலாம். ஏழைகளின் சிவில் வழக்குகளுக்கு உதவ 1974இல் அமெரிக்க அரசு சட்டப்பணிக் கழகம் ஒன்றை அமைத்தது. ஊர்தோறும் உள்ள சட்ட உதவி நிலையங்கள் அதற்கு விண்ணப்பித்து நிதி பெறலாம். 1996இல் காங்கிரஸ் நிபந்தனை போட்டது. ஒருவருக்காக வழக்காடு, ஊருக்காக வழக்காடாதே! பலர் சார்பில் கூட்டாகத் தொடுக்கும் வழக்கை இந்த நிலையங்கள் நடத்தக்கூடாது. சரி, அரசுப் பணத்தில் நடத்தமாட்டோம், மக்களிடம் திரட்டிய வேறு பணத்தில் நடத்துகிறோம் என்றால்? அதுவும் கூடாது! எங்கள் காசு ஒன்று உன் பெட்டியில் விழுந்தால், பெட்டி முழுவதும் எங்கள் சொற்படி கேட்கவேண்டும் என்றது சட்டம். வீடு ஒழுகுகிறது என்று வரும் ஒரு குடியிருப்போனுக்காக வாதாடலாம். ஒரே முதலாளியின் ஒழுகும் வீடுகளில் வாழும் நானூறு பேருக்காக ஒரு வழக்கு ஆகாது. நானூறு வழக்காகப் போடு! மார்கோல்ட் 1931இல் எந்தப் பொறியைச் சுட்டிக்காட்டினாரோ, அதே பொறியை 65 ஆண்டு கழித்துச் சட்டமாக்கி வைத்தார்கள். விண்ணப்பத்தாளின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையை முதலில் படிக்கவேண்டும் என்று இளைஞர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். முன்பக்கத்தில் நோக்கம் என்ன என்று கேட்கும். பின்பக்கத்தில் அந்த நோக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

உறுப்பினரின் ஒரு டாலருக்கு அப்படிப் பின்பக்கம் இல்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு; கொடுத்தவன் பெயர் பட்டியலில் இருக்கிறது. பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு தென்மாநிலங்கள் அந்தப் பையின்மீதுதான் கைவைத்தன. வழக்குக்கு ஆள் தேடுவதும், பிறர் வழக்குக்குப் பணம் உதவுவதும் குற்றம் என 1956இல் வர்ஜீனியா சட்டமியற்றியது. நீதிக்காக வழக்காடுவது வெறும் வக்கீல் தொழில் அன்று, அது ஓர் அரசியல் பேச்சு, அதைத் தடுக்க முடியாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை வீழ்த்தியது.

அலபாமா இன்னும் தந்திரமாக நடந்தது. உங்கள் சங்கத்துக்குப் பணம் கட்டியோர் பெயரையும் முகவரியையும் கொடு என்றது. கொடுத்தால்? கிளாரண்டனில் ஹாரி பிரிக்சுக்கு நேர்ந்தது அலபாமாவில் ஒவ்வொரு சமையற்காரிக்கும், ஒவ்வொரு உழவனுக்கும் நேரும். சங்கம் மற்ற ஏடுகளைக் கொடுத்தது; பட்டியலை மட்டும் கொடுக்க மறுத்தது. நீதிமன்ற அவமதிப்பு என்று அபராதம் விதித்தார்கள். எவ்வளவு? 1,00,000 டாலர்! 1930இல் நியூயார்க்கில் வாக்களிக்கப்பட்டு முழுமையாக வராமலே போன அதே தொகை, 1956இல் மாண்ட்கமரியிலிருந்து அபராதமாக வந்தது. பட்டியல் வெளிவரவில்லை. 1958 ஜூன் 30 அன்று, உறுப்பினர் பெயரை மறைத்துக் காக்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அதன் பிறகும் மாநிலம் விடாமல் இழுத்தடித்தது; அலபாமா மண்ணில் சங்கம் மறுபடி அலுவலகம் திறக்க 1964 வரை வழக்காட வேண்டியிருந்தது. அந்த எட்டாண்டு வழக்குச் செலவுக்கும் ஒரு டாலர், ஒரு டாலராகத்தான் திரட்டினார்கள்.